மேஸ்திரி பைப்பும் ஒரு எலுமிச்சம்பழமும்

மற்றவர்களைத் தலைசுற்ற வைத்துப் பிழைக்கும் தொழில் என்னுடையது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை, வரிசையில் நின்று, டிக்கெட் எடுத்து, அவர்களே கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள்.

ரோலர் கோஸ்டர் தெரியும் அல்லவா? அதில் ஒரு வகை உண்டு. வண்டி ஏறி இறங்கி ஓடிக்கொண்டிருக்கும்போதே இருக்கையும் இடமும் வலமுமாகத் திரும்பும். உட்கார்ந்திருப்பவர், அது தன்னிஷ்டத்துக்குச் சுற்றுகிறது என்று நினைத்து அலறுவார். அதற்கு இஷ்டம் என்று ஒன்றும் கிடையாது. எந்த மேட்டில் எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பவேண்டும் என்பதை முன்கூட்டியே தண்டவாளத்தில் எழுதிவைத்துவிடுகிறோம். ஜெர்மனியில் இருபது வருடம் அப்படி எழுதிக்கொண்டிருந்துவிட்டு, நாற்பத்தெட்டாவது வயதில் காலடிப்பேட்டைக்குத் திரும்பிவந்தேன். ஏன் வந்தாய் என்று கேட்பவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் சொல்லியிருக்கிறேன். எல்லாமே ஓரளவு உண்மை.

பஸ் மலை ஏறும்போது பாலிதீன் பையை மடியில் பிரித்து வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்பவர்களே, பொருட்காட்சியில் குடும்பமே ராட்டினத்தில் சுற்ற, கீழே அத்தனை பேர் செருப்புக்கும் கைப்பைக்கும் காவல் நின்றவர்களே, உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். நானும் உங்கள் கட்சிதான். இத்தனை வருடத்தில் நான் வரைந்த ஒரு வண்டியிலும் நான் ஏறியதில்லை. ஒவ்வொரு முறையும் முதுகுவலி என்று சொல்லித் தப்பித்தேன். ஜெர்மன்காரர்கள் முதுகுவலியை மதிப்பவர்கள். எர்ணாவூரில் அந்த மரியாதை கிடைக்கவில்லை.

கட்டினவன் ஏறணும்

ஜரீனா அக்கா வண்ணாரப்பேட்டைக்காரர். ஊர் ஊராகப் பொருட்காட்சிகளில் ராட்டினமும் டிராகன் ரயிலும் ஓட்டிக்கொண்டிருந்தவர், எர்ணாவூர் தாண்டிக் கடலோரமாக ஓர் இடம் பிடித்து நிரந்தரமாகவே ஒரு பொழுதுபோக்குப் பூங்கா போட்டார். அதற்கு ஒரு சுழல் இருக்கை வண்டி வேண்டும், அரையாண்டு லீவுக்குள் ஓடவேண்டும் என்று என்னைப் பிடித்தார். கட்டும் வேலையைச் சேவியரிடம் ஒப்படைத்தார். சேவியருக்கு என் வயது. காசிமேட்டில் மீன்பிடிக் குடும்பம். இவர் மட்டும் படகு கட்டும் யார்டில் வெல்டராகச் சேர்ந்து மேஸ்திரி ஆனவர். "கடலுக்குப் போகாம ஏன் வெல்டிங்குக்கு வந்தீங்க?" என்று முதல் நாளே கேட்டேன். "நடுக்கடல்ல வெல்டிங்குக்கு ஏது சார் கரண்ட்டு?" என்றார். அது பதில் இல்லை என்பது எனக்கு அன்று உறைக்கவில்லை.

டீ வந்தது. குடித்துக்கொண்டே சேவியர் தங்கள் யார்டின் ஒரே சட்டத்தைச் சொன்னார். புதுப் படகு தண்ணீரில் இறங்கும் அன்று, அதைக் கட்டிய மேஸ்திரியும் அளவு போட்டுக் கொடுத்தவரும் அதில் இருந்தே ஆகவேண்டும். இருவரும் ஒரு சுற்றுப் போய்வந்த பிறகுதான் மற்றவர்கள் ஏறுவார்கள். இந்த வண்டிக்கும் அதே சட்டம். நான் ஏறாவிட்டால் அவருடைய ஆட்கள் வண்டியை ஒப்படைக்க மாட்டார்கள், பூங்கா திறக்காது. ஜரீனா அக்கா பலமாகத் தலையாட்டினார். நான் முதுகைப் பிடித்துக்கொண்டு என் வியாதியைச் சொன்னேன். சேவியர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "படகு கட்டுனவன் கரைல குந்திகினா, அந்தப் படகுல எவன் சார் ஏறுவான்?"

வெயிட் தூக்காத பைப்

ஆட்களுக்கு வேலையை விளக்கவேண்டியிருந்தது. இரண்டு தடித்த பைப்புகள் வண்டியைத் தாங்கும். அவற்றுக்கு நடுவில் மூன்றாவதாக ஒரு மெல்லிய பைப், அது எதையும் தாங்காது. இருக்கையின் அடியிலிருந்து இறங்கும் ஒரு சின்ன உருளை, ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் அந்த மெல்லிய பைப்பின் முதுகிலேயே உருண்டுகொண்டு வரும். பைப் மேலே எழும்பினால் உருளையும் எழும்பும். உருளையோடு சேர்ந்த பல் வைத்த கம்பி பல்சக்கரத்தைத் தள்ளும். இருக்கை இடப்பக்கம் திரும்பும். பைப் தாழ்ந்தால் வலப்பக்கம். மோட்டார் இல்லை, கரண்ட் இல்லை. நடு பைப்பின் மேடு பள்ளம்தான் எல்லாம்.

கேட்டுக்கொண்டிருந்தவர்களில் துரை என்று ஒருவர், பைப் வளைப்பதில் கெட்டிக்காரர். அவர் சேவியரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே சொன்னார்: "புரிஞ்சுபோச்சு சார், அது மேஸ்திரி பைப்பு. வெயிட்டு ஒண்ணும் தூக்காது, ஆனா எல்லாரையும் இப்டித் திரும்பு அப்டித் திரும்புன்னு சொல்லிகினே இருக்கும்."

நிமிர்த்திய கை

அந்த மேஸ்திரி பைப்பை அம்பத்தூரில் ஒரு பட்டறையில் மெஷின் வைத்து, என் படத்தின்படி மேடு பள்ளமாக வளைத்து வாங்கினோம். லாரியில் வந்து இறங்கியது. நான் அன்று ஊரில் இல்லை. மறுநாள் வந்து பார்த்தால் நாற்பது துண்டும் நூல் பிடித்த மாதிரி நேராகக் கிடக்கின்றன. பக்கத்தில் துரை, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கடைசித் துண்டின் நேர்த்தியை ரசித்துக்கொண்டிருந்தார். கப்பல் கைப்பிடிக் கம்பிகளில் ஊறிய கை அது. வந்திருப்பது மேஸ்திரி பைப் என்று தெரியாமல், ஏதோ கைப்பிடிக் கம்பி லாரியில் அடிபட்டு வளைந்துவிட்டது என்று நினைத்து, காலையிலிருந்து சாயங்காலம் வரை, சாப்பாட்டுக்குக்கூட உட்காராமல் எல்லாவற்றையும் நிமிர்த்தியிருக்கிறார்.

எனக்கு அழுகை வரவேண்டும், சிரிப்பு வந்தது. ஒரு துண்டைப் பொருத்தி வண்டியைத் தள்ளிக் காட்டினேன். இருக்கை பரீட்சை எழுதும் பிள்ளை மாதிரி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்க்காமல் நேரே பார்த்துக்கொண்டே போனது. துரைக்கு முகம் வாடிவிட்டது. ஆனால் அட்டையில் வெட்டிய அளவுகளை வைத்துக்கொண்டு பத்தே நாளில் நாற்பதையும் அவரே கையால் வளைத்துக் கொடுத்தார். மெஷின் வளைத்ததைவிட வழவழவென்று இருந்தது. மேடு எங்கே தொடங்குகிறது என்று விரலால் தடவினால்கூடத் தெரியாது. அதுதான் இந்த வேலையின் உயிர். திருப்பம் தொடங்கும் இடம் தெரிந்தால் உட்கார்ந்திருப்பவரின் கழுத்து சுளுக்கிக்கொள்ளும். நான் பாராட்டியபோது அவர் சொன்ன சமாதானம்: "வளைஞ்ச பைப்ப பாத்துகினு சும்மா போற கையா சார் இது?"

ஒரு பழம், கால் சுற்று

ஆயுதபூஜை அன்று பாதித் தண்டவாளம்தான் முடிந்திருந்தது. இருந்தாலும் வண்டியை ஏற்றி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டார்கள். புது வண்டி என்றால் சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம். பெரிய சக்கரங்களுக்கு முன்னால் வைத்தவர்கள், பாவம் அதுவும் சக்கரம்தானே என்று நடு பைப்பின் மேல், உருளைக்கு முன்னாலும் ஒரு பழத்தைப் பசை நாடா ஒட்டி வைத்துவிட்டார்கள். நான் கவனிக்கவில்லை. கற்பூரம் காட்டி, நாலு பேர் வண்டியைத் தள்ளினார்கள். பெரிய சக்கரங்களுக்கு அடியில் பழங்கள் நசுங்கின. உருளை மட்டும் பழத்தின் மேல் ஏறி நின்றது. மாலையோடு இருந்த முன் இருக்கை, பூஜைப் படங்களுக்கு முதுகைக் காட்டி, கால் சுற்று திரும்பி, இடப்பக்கம் நின்றிருந்த ஜரீனா அக்காவை நேருக்கு நேர் பார்த்தது.

"அல்லாவே, என்ன ஏன் பாக்குது?" என்று அக்கா ஒரு அடி பின்னால் போனார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து எங்கள் பட்டறையில் டிகிரிக் கணக்கு ஒழிந்தது. ஒரு பழம் என்றால் கால் சுற்று. "இந்த எடத்துல அரைப் பழம் ஏத்து, அந்த எடத்துல ஒரு பழம் எறக்கு" என்றுதான் பேச்சு.

தட்டில் மிச்சமிருந்த ஒரு பழத்தை எடுத்து, நகத்தால் லேசாகக் கீறி முகர்ந்துகொண்டே நின்றேன். பள்ளிக்கூட நாளிலிருந்து பஸ் ஏறினால் கையில் ஒன்று இருக்கும். பழக்கதோஷம், வண்டியைப் பார்த்தாலே கை தேடுகிறது. சேவியர் அதைக் கவனித்தார் என்று நினைக்கிறேன். ஆனால் அப்போது அவர் அக்காவுக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்: "மொதலாளி யாருன்னு அதுக்குத் தெரியுதுக்கா, எங்களுக்குத்தான் இன்னும் தெரியல."

அலைக்கு முதுகு

மழைக்காலம் வந்தது. ஷெட்டுக்குள் தண்ணீர் ஒழுக, படத்தை விரித்துவைத்துக்கொண்டு நானும் சேவியரும் உட்கார்ந்திருந்தோம். தண்டவாளக் கோட்டின் மேல், இருக்கை எந்தப் பக்கம் பார்க்கும் என்று சின்னச் சின்ன அம்புக்குறிகள் போட்டிருந்தேன். சேவியர் விரலால் அவற்றைத் தொட்டுத் தொட்டு வந்தார். முதல் இறக்கத்தில் விரல் நின்றது. அங்கே என் அம்பு பின்பக்கம் பார்த்தது. கீழே விழுவது தெரியாமலேயே விழவைப்பது. ஜெர்மனியில் இதற்கு நல்ல பெயர். நான் ஏறப்போவதில்லை என்ற தைரியத்தில் இருபது வருடம் வரைந்த கோடு அது. இந்த முறை ஏறவேண்டியவன் நானே என்ற நினைப்பு வந்தபோதெல்லாம் அந்த அம்பைப் பார்க்காமல் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

சேவியர் தன் டீ கிளாஸைத் தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் மிதக்கவிட்டு விளக்கினார். அலை வரும்போது முகத்தைக் காட்டி நின்றால் உடம்பு தயாராகிவிடும், வயிறு சும்மா இருக்கும். பக்கவாட்டில் நின்றால் புரட்டும். முதுகைக் காட்டினால் குடலே வாய்க்கு வரும். மறுவாரமே பழைய அம்புகளை அழித்தேன். இறக்கம் வருவதற்கு முன்பே இருக்கை முன்பக்கம் திரும்பிவிடும். வருவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் விழுவோம். சுற்றல், திரும்பல், வேடிக்கை எல்லாம் சமதளமான இடங்களில். உச்சியில் மட்டும் ஒரு பழ மேடு கூடுதலாக வைத்தேன். அங்கே இருக்கை கடலைப் பார்க்கும். அதற்குத் துரை மூன்று துண்டுகளை மறுபடி வளைத்தார். கடலுக்கே போகாத சேவியருக்கு இவ்வளவு எப்படித் தெரியும் என்று நான் கேட்டிருக்கவேண்டும். அன்று ஷெட்டில் அவர் சொன்ன ஒரு வாக்கியத்தைக் கேட்டு வெட்கத்தோடு பென்சில் சீவப் போய்விட்டேன்: "மனுசன பயமுறுத்து சார், வோணான்னு சொல்லல, ஆனா சொல்லிட்டு பயமுறுத்து."

சுற்றிய தண்ணீர்

ஆள் ஏற்றுவதற்கு முன்னால் பாரம் வைத்து ஓட்டிப் பார்ப்பது முறை. அதற்கென்று ஜெர்மனியில் தண்ணீர் நிரப்பிய பொம்மை மனிதர்கள் உண்டு. எங்களுக்குத் திருவொற்றியூரிலிருந்து கேன் தண்ணீர் வந்தது. ஓர் இருக்கைக்கு மூன்று கேன், பெல்ட்டைப் போட்டு இறுக்கி, இரண்டு நாள் ஓட்டினோம். மீன் விற்கப் போகும் பெண்கள் சாலையில் கூடையை இறக்கிவைத்துவிட்டு நின்று பார்த்தார்கள். "தண்ணிக்கு வந்த வாழ்வப் பாரு" என்று ஒருவர் சொன்னது தண்டவாளம் வரை கேட்டது.

மூன்றாம் நாள் கேன்காரர் வந்தார். ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை, சீல் உடையவில்லை, அப்படியே எடுத்துக்கொண்டுபோய்க் கடைகளில் போடுங்கள் என்றோம். அவர் ஒரு கேனைத் தூக்கி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார், காதருகே வைத்துக் குலுக்கினார், கீழே வைத்தார். இந்தச் சரக்கு இனி விலைபோகாது என்று தீர்ப்பே சொல்லிவிட்டார்: "இவ்ளோ சுத்து சுத்துன தண்ணிய குடிச்சா, குடிச்சவன் நேரா நடப்பானா சார்?"

எட்டும் சொன்ன பதில்

லைசென்ஸ் கொடுக்கும் முன் பரிசோதிக்க ஓர் அதிகாரி வந்தார். அமைதியானவர், குடையை மடக்கிக் கையில் வைத்துக்கொண்டே எல்லா போல்ட்டையும் பார்த்தார். காலி வண்டியை ஓட்டிக் காட்டச் சொன்னார். எல்லாம் சொன்னபடி நடந்தது. ஆறாவது தூணருகே மட்டும் முதல் இருக்கை வெடுக்கென்று இடமும் வலமும் தலையை ஆட்டியது. அதன் பின்னால் வந்தது அதே இடத்தில் ஆட்டியது. எட்டு இருக்கைகளும் வரிசையாக அந்தத் தூணைக் கடக்கும்போது இல்லை, இல்லை, இல்லை என்று ஆட்டிவிட்டுப் போயின. ஜரீனா அக்கா கண்ணை மூடி உதட்டுக்குள் ஏதோ ஓதத் தொடங்கினார். லீவுக்கு நாலே நாள் இருந்தது.

சேவியர் ஏணியைச் சாய்த்து ஏறி, மேஸ்திரி பைப்பின் முதுகைக் கையால் தடவினார். கேன் வைத்து ஓட்டிய பிறகு, முந்தின நாள் மாற்றிப் புதிதாக வைத்த ஜாயின்ட்டில் வெல்டிங் பொட்டு ஒன்று, மிளகு அளவுக்குத் துருத்திக்கொண்டு நின்றது. பக்கவாட்டில் தேய்த்திருந்தார்கள், மேலே விட்டுவிட்டார்கள். பெரிய தண்டவாளத்தில் இருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. இங்கே மிளகளவு மேடு இருக்கைக்குப் போய்ச் சேரும்போது தலையாட்டலாகிவிடுகிறது. ராவிச் சமமாக்கி மறுபடி ஓட்டினோம். வெண்ணெய் மாதிரி போனது. அதிகாரி மற்ற ஜாயின்ட்டுகளையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தபின், மறுநாள் ஆள் ஏற்றி ஓட்டி அறிக்கை கொடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். குடையை விரிக்கும்போதுதான் முதல்முறையாகச் சிரித்தார்: "முப்பது வருஷ சர்வீஸ்ல, நான் கேள்வி கேக்கறதுக்கு முன்னாடியே இல்லைன்னு சொன்ன மெஷின் இதுதாங்க."

முதல் சுற்று

மறுநாள் காலை வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. ஆட்கள் எல்லோரும் குளித்து, வெளுத்த சட்டை போட்டு வந்திருந்தார்கள். அக்கா பிரியாணிக்குச் சொல்லிவிட்டிருந்தார். முதுகுவலி என்று தொடங்கினேன். அக்கா, "தம்பி, என் மாமியாருக்கும் முதுகுவலிதான், அவங்களும் சாயங்காலம் ஏறுறாங்க" என்றார். வழியில்லை. முன் இருக்கையில் நான், அடுத்ததில் சேவியர். பெல்ட்டைப் பூட்டுமுன் சேவியர் என் சட்டைப் பையில் ஓர் எலுமிச்சம்பழத்தைப் போட்டு, "சாமிப் பழம் சார், வெச்சுக்க" என்றார். பையில் எதுவும் வைத்துக்கொண்டு ஏறக்கூடாது என்று போர்டு எழுதிக் கொடுத்தவன் நான். இருந்தும் பையின் பொத்தானைப் போட்டுக்கொண்டேன்.

சங்கிலி இழுத்தது. வண்டி ஏறியது. உச்சியில் அந்த ஒரு பழ மேட்டை உருளை தொட்டிருக்கவேண்டும். எனக்குத் தெரியவில்லை, துரையின் கை அப்படி. உலகம்தான் மெதுவாகத் திரும்பியது. தொழிற்சாலைப் புகைபோக்கிகள் பின்னால் போக, கடல் வந்து முகத்துக்கு நேராக நின்றது. கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்த படகுகளை எண்ணும் அளவுக்கு நேரம் கிடைத்தது. பிறகு இருக்கை முன்பக்கம் திரும்பி, இறக்கத்தைக் காட்டியது. இதோ, இப்போது விழப்போகிறாய் என்று சொல்லிவிட்டே விழவைத்தது. நான் கத்தினேன். கண்ணைத் திறந்துகொண்டு கத்தினேன். அடுத்த மேடு, அடுத்த திருப்பம், ஆறாவது தூண். ஒரு தலையாட்டலும் இல்லை. நின்றபோது என் வயிறு இருந்த இடத்திலேயே இருந்தது. கீழே துரை விசிலடித்துக்கொண்டிருந்தார், அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஜெயித்தவன் போலச் சேவியர் பக்கம் திரும்பினேன். "மேஸ்திரி, ஒண்ணு சொல்றேன், இருபது வருஷத்துல இதான் நான் ஏறுன முதல் வண்டி, எனக்குத் தலைசுத்தும்" என்றேன். அவருக்கு முகம் வெளிறி, நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. இறுக்கி மூடிய வலது கையின் விரலிடுக்கிலிருந்து ஏதோ சொட்டியது. கையை விரித்தார். சக்கையாகிப்போன இன்னோர் எலுமிச்சம்பழம். அதை மூக்கருகே கொண்டுபோய் நீளமாக ஒரு மூச்சு இழுத்துவிட்டு, அத்தனை நாள் போட்டிருந்த 'சார்' என்பதை விட்டுவிட்டுச் சொன்னார்: "உனக்குச் சுத்தும்னு பூஜையன்னிக்கே தெரியும். கடலு எனக்கு ஒத்துக்கினு இருந்தா, நான் எதுக்கு மாமு வெல்டிங் கத்துக்கறேன்?"

இருக்கை எந்தப் பக்கம் திரும்பவேண்டும் என்பதை இன்றைக்கும் மேஸ்திரி பைப்தான் முடிவு செய்கிறது. அதில் உட்காரலாமா என்பதை மட்டும் நானும் சேவியரும் எலுமிச்சம்பழத்தைக் கேட்டுத்தான் முடிவு செய்கிறோம்.